வேல்குமார் பாஸ் பண்ணிய பம்பர்

வேல்குமார் அந்தக் காரை வாங்கியது அதன் நீலத்துக்காக மட்டும்தான். வேகம், தரையை ஒட்டிய உடம்பு, பின்னால் இரட்டைக் குழல், சிவப்பு நூலில் தைத்த சீட்டு எல்லாம் அந்த நீலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. பெண்ணைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவனுக்கு அவளுடைய சித்தப்பன் பெரியப்பன்மாரும் சேர்ந்து வந்த மாதிரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளி நாச்சிமுத்துவின் வண்டியைச் சர்வீஸுக்கு விடப் போயிருந்தார். ஷோரூம் கண்ணாடிக்குள் அது நின்றது. சாயப்பட்டறை லேபில் பத்தொன்பது வருஷமாக நீலத்தோடு மல்லுக்கட்டிய மனுஷர். நேவி, ராயல், டர்க்காய்ஸ் என்று வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர் எதைக் கேட்டு அனுப்பினாலும் பனியன் துணியில் ஏற்றிக் காட்டிவிடுவார். ஆனாலும் துணியில் ஏறுகிற நீலத்தில் எப்போதும் ஒரு களைப்பு இருக்கும். இதில் அது இல்லை. விற்பனைக்கு நின்ற தம்பி எஞ்சின் சக்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போக, வேல்குமார் சட்டைப் பையிலிருந்து சாய நிறங்கள் ஒட்டிய ஷேடு கார்டை எடுத்து பானெட்டின் மேல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ப்ளூ சாதா மாடல்ல வருங்களா?”

“இல்லீங் சார். ஸ்போர்ட் மாடல்ல மட்டுந்தான்.”

“அப்ப அதையே எழுதிக்குங்க.”

இப்படித்தான் வேல்குமார், மனைவி கலைமகள், ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் தரணி என்று மூன்றே பேர் கொண்ட ஒரு சாது குடும்பத்துக்கு ரேஸ் ஓட்டுகிறவன் வைத்திருக்க வேண்டிய வண்டி வந்து சேர்ந்தது.

அதோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. வண்டியின் ஸ்பிரிங் கல்லு மாதிரி. சாமளாபுரத்தில் இருக்கிற பங்காளி வீட்டுக்கு மங்கலம் ரோட்டில் போய்வந்தால் இரண்டு நாளைக்கு இடுப்பு பேசும். “ரோட்டுல ஒரு பீடித்துண்டு கெடந்தாக்கூட எனக்குத் தெரியுதுங்க” என்பாள் கலைமகள். பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். டிக்கியில் அரிசி மூட்டை படுக்காது. அதனால் அதைத் தரணிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். மூட்டைக்கும் பெல்ட் போட்டுவிடாவிட்டால் வண்டி வீடு வரை கீ கீ என்று கத்திக்கொண்டே வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை குனிந்து பின்னால் பார்த்துவிட்டு, “ரெண்டு சைலன்சரு எதுக்குங்க, ஒண்ணு ஸ்பேருங்களா?” என்று கேட்டார். வேல்குமாருக்கு எதுவும் உறைக்கவில்லை. காலையில் கவரைக் கழற்றியதும் அந்த நீலத்தின் மேல் வெயில் விழுகிற முதல் நிமிஷம் ஒன்று உண்டு. அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

பட்டறையில் அவருடைய மரியாதை வேறு ரகம். லேபில் பெரிய மிஷினில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு துண்டுத் துணியில் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். அந்தத் துண்டை அட்டையில் ஒட்டி, பையர் அனுப்பிய துணியோடு லைட் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, ஒத்துப்போனால் மூலையில் ‘வே.கு.’ என்று எழுதித் தேதி போடுவார். அந்த இரண்டெழுத்து விழாமல் ஒரு துணி உருளைகூட வெளியே போகாது. “கம்ப்யூட்டரு பாஸ்ங்குது, வேலு இல்லீங்கறான்னா எனக்கு வேலு சொல்றதுதான்” என்று நாச்சிமுத்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த நாச்சிமுத்துதான் ஒரு வெள்ளிக்கிழமை லேபுக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

“வேலு, புதுசா ஒரு கூத்து. ஷேடு பாஸ் பண்றவங்களுக்கெல்லாம் பையரு கண் டெஸ்ட் வெக்கறானாமா. எண்பத்தஞ்சு மூடி குடுப்பாங்களாம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலரு. வரிசையா அடுக்கோணுமாம். அதுல பெயிலானவங்க கையெழுத்துச் செல்லாதுங்கறான். வர்ற வேசாழக்கெழம ஆளு வருது.”

“என்ற கண்ணுக்கா டெஸ்ட்டு?” என்று வேல்குமாரும் சிரித்தார். “அடுக்கிக் காட்டிட்டு, அந்த மூடியில எது எது மங்கிப்போச்சுன்னும் சொல்லி அனுப்பிச்சு உடறனுங்ணா.”

லேபில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ரோஸ்மேரி மட்டும் சிரிக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருப்பூருக்கு வந்தவள். குனிந்து, காய்ந்துவிட்ட துண்டு ஒன்றை மறுபடியும் டிரையருக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருமுருகன்பூண்டி கோயிலுக்குப் போனார்கள். திரும்பும்போது எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்க, வேல்குமார் சிற்பப் பட்டறை ஒன்றின் ஓரமாக வண்டியை இறக்கினார். அங்கே பாதி செதுக்கிய நந்தி ஒன்று தலை மட்டும் முடிந்து கிடந்தது. வேறு எந்தக் காராக இருந்தாலும் அதன் மூக்கைத் தாண்டிப் போயிருக்கும். இந்த வண்டிதான் தரையோடு தரையாகப் போகிறதே. கரகரவென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் முன் பம்பரில் ஒரு முழ நீளத்துக்கு நீலத்தை உரித்து எடுத்திருந்தது.

பட்டறைக்காரர் ஓடிவந்து முதலில் நந்தியைத் தடவிப் பார்த்தார். “ஒண்ணும் ஆகலீங்க” என்று அவர் சொன்னது வண்டியைப் பற்றி அல்ல.

திங்கட்கிழமை மதியம், தெரிந்த பெயிண்டர் குணாவின் செட்டில் வண்டியை விட்டார். குணா கம்பெனி கொடுத்த கலர் நம்பரைப் பார்த்துப் பெயிண்டைக் கலக்கி, சின்னத் தகடு ஒன்றில் அடித்துக் காயவைத்து, பம்பருக்குப் பக்கத்தில் பிடித்தான். நம்பர்படி கலந்தது எப்போதுமே ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். அதை ஊதி ஊதிச் சரிக்கட்டிவிடுவது அவன் வழக்கம். ஊரில் எந்த வண்டிக்காரனும் அந்தத் தகட்டைப் பார்க்கக் கேட்டதில்லை. வேல்குமார் கேட்டார்.

“செவப்புத் தூக்குது குணா.”

“லேசாத்தானுங்ணா. அடிக்கறப்ப அமுக்கிரலாம்.”

“லேசோ கனமோ, வித்தியாசம் வித்தியாசந்தான். கொஞ்சம் பச்சைய உடு.”

குணா இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி இன்னொரு தகடு அடித்தான். வேல்குமார் அதை வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார், செட்டுக்குள் டியூப் லைட்டில் பார்த்தார். “இன்னும் கொஞ்சம்” என்றார். மூன்றாவது தகடு. “இன்னும் ரெண்டு சொட்டு.” நான்காவது. ஐந்தாவது தகடு காய்ந்ததும் அவர் முகம் தெளிந்தது. “இப்பப் பாரு. தாயும் புள்ளையுமாட்ட ஒட்டிக்கிச்சு.”

குணா தகட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். “நீங்க பாத்துத்தான சொல்றீங்ணா?”

“என்ற கண்ணப் பத்தி டவுனுக்குள்ள போயிக் கேட்டுப் பாரு.”

சொன்னதோடு விடாமல், குணாவிடமிருந்து மார்க்கர் பேனா வாங்கித் தகட்டின் பின்னால் ‘வே.கு.’ என்று எழுதித் தேதியும் போட்டுக் கொடுத்தார். “பாஸ் பண்ணுன சாம்பிள்ல கையெழுத்து இருக்கோணும். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு.” குணாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. தகட்டில் ஓட்டை போட்டு ஆணியில் மாட்டிவைத்தான்.

செவ்வாய்க்கிழமை பொழுதோடு வண்டி வீட்டுக்கு வந்தது. டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த தரணி கேட்டுக்கு வெளியிலேயே காலை ஊன்றி நின்றாள்.

“அப்பா, பம்பர வேற கார்ல இருந்து கழட்டி மாட்டிட்டாங்களா?”

“ஏன்?”

“பச்சையா இருக்குதே.”

“பச்சையாவது மண்ணாவது. நீ அக்கட்ட நின்னு பாக்கறே, செடி நெழலு உளுகுது.”

அவள் இக்கட்ட வந்து பார்த்தாள். பச்சை என்றாள். வேல்குமார் வண்டியை வெயிலுக்கு எதிரே மேற்குப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். பச்சை என்றாள். செட்டுக்குள் ஏற்றி டியூப் லைட்டைப் போட்டார். அங்கே நன்றாகவே பச்சை என்றாள். லேபில் அவர் துண்டுத் துணிகளை வைத்துப் பார்ப்பது போலவே மூன்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. அவர் கண்ணுக்கு மட்டும் பானெட்டும் பம்பரும் ஒரே துணியில் வெட்டின மாதிரி இருந்தன.

வாசலுக்கு வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் திரும்பினார். “நீ சொல்லு. இது பச்சையா?”

கலைமகள் பம்பரைப் பார்த்தாள். பிறகு தரணியைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். “எனக்கென்னங்க தெரியும், கலரப் பத்தி.”

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. ஒரு ரவிக்கைத் துணிக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவள். அரை நூல் வித்தியாசத்துக்குக் கடைக்காரனோடு வாதாடுகிறவள். தரணி சொன்னபோது வராத பயம் வேல்குமாருக்கு அப்போது வந்தது. வியாழக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

புதன்கிழமை காலை வண்டியைப் பட்டறை வாசலில் நல்ல வெயிலில் நிறுத்திவிட்டு ரோஸ்மேரியைக் கூப்பிட்டார். “ரோஸு, பம்பர் அடிச்சிருக்குது. எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லு.”

“நல்லாத்தாம்ணே இருக்கு” என்றாள் அவள். அவள் கண் டயரைத் தாண்டி மேலே வரவில்லை.

லேபுக்குள் திரும்பிப் போனவர் நாற்காலியில் உட்காராமல் நேராகப் பழைய அட்டைகள் இருக்கிற டிராயரை இழுத்தார். தான் பாஸ் பண்ணிய நீலங்களை மறுபடி பார்த்தால் மனசுக்கு ஒரு தெம்பு வருமென்று நினைத்தார். ‘வே.கு.’ போட்ட நேவி அட்டை ஒன்றை உருவினார். அதன் பின்னால் இன்னொரு துண்டு பின் குத்தியிருந்தது. அதே ஆர்டர், அதே தேதி, ரோஸ்மேரியின் கையெழுத்தில் வேறு சாய அளவு. அடுத்த நீலத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். சிவப்பு, மஞ்சள் அட்டைகளில் ஒன்றும் இல்லை. நீலத்துக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் இரண்டாவது துண்டு இருந்தது.

“இதென்ன ரோஸு?”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். “கோவப்படாதீங்கண்ணே. நீங்க பாஸ் பண்ணதுக்குப் பொறவு, நேவியும் டர்க்காய்ஸும் மட்டும் நான் ஒருக்கா பாத்துத் திருத்தித்தான் மிஷினுக்குக் குடுக்கேன்.”

“எத்தன நாளா?”

“ஆறு மாசம் இருக்கும்.”

“யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் மாதாவுக்கும்தான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல.”

“எப்படிண்ணே சொல்ல? இந்த ஊர்ல எல்லாரும் கண்ணுன்னா வேலண்ணன் கண்ணுங்காவ. அவருகிட்டயே போயி, அண்ணே ஒங்களுக்குத் தெரியலன்னு எந்த வாயால சொல்ல?”

வேல்குமார் அட்டைகளை எடுத்த வரிசையிலேயே திரும்ப அடுக்கினார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வரவில்லை. ஆறு மாசமாகத் தான் போட்ட ஒவ்வொரு நீலக் கையெழுத்துக்குப் பின்னாலும் இன்னொருத்தி வேலை செய்திருக்கிறாள். தான் மட்டும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம். இதில் யாரைத் திட்டுவது?

கலைமகளுக்குப் போன் செய்து கிளம்பி நிற்கச் சொன்னார். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. “கண்ணாஸ்பத்திரிக்குத்தானுங்களே? நான் தையில இருந்தே சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தனுங்க. அத்தப் புள்ள கல்யாணத்துல என்ற பச்சைப் பொடவையப் பாத்து, நீலம் உனக்கு எடுப்பா இருக்குதுன்னீங்க. இவ்வளவு ஆசையாச் சொல்றாரேன்னு வாய மூடிக்கிட்டேன்.”

டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணில் மருந்து விட்டு, அரைமணி நேரம் மூடவைத்து, வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

“சுகர் எத்தன வருஷமா இருக்கு?”

“எட்டு வருஷமுங்க.”

“மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

பட்டறையில் ஒரு சொட்டுச் சாயத்தைக்கூட அளந்து ஊற்றுகிற மனுஷர். மாத்திரை விஷயத்தில் மட்டும் ஞாபகம் வந்தால் உண்டு. கலைமகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணுக்குப் பின்னாடி இருக்கற சின்ன ரத்தக் குழாய்ங்க பாதிச்சிருக்கு. படிக்கறதுக்கு, வண்டி ஓட்டறதுக்கு இப்போதைக்குக் குறை இல்ல. நீலம், பச்சை இந்த மாதிரிக் கலர்களப் பிரிச்சுப் பாக்கறதுதான் முதல்ல மங்கும். சாதாரணமா யாருக்கும் அது தெரியவே தெரியாது. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“காரு பம்பருலீங்க” என்றாள் கலைமகள்.

“இது திரும்ப வருங்களா?” என்று கேட்டார் வேல்குமார்.

“போனது அப்படியே திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். இனிமே போகாமப் பாத்துக்கலாம். அது உங்க கையிலயும் இருக்கு.”

“நாளைக்குள்ள ஏதாச்சும் பண்ண முடியுங்களா?”

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். “நாளைக்குள்ளயா?”

அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. வேல்குமார் எழுந்துகொண்டார்.

மருந்து விட்ட கண்ணோடு நாலு மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது என்று நர்ஸ் சொன்னாள். வெளியே வெயில் கத்தியாகக் குத்தியது. அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டார்.

“சாவியக் குடுங்க” என்றாள் கலைமகள். எட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த லைசென்ஸ் இத்தனை நாளும் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் கிடந்தது. அன்று கைப்பையில் இருந்தது.

“இது சாதா வண்டியில்ல. தொட்டாப் பறக்கும்.”

“மூணு வருஷமா அதுக்குள்ள உக்காந்து இடுப்பு ஒடஞ்சவளுக்குத் தெரியாதுங்களா?”

கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். மறுபடி ஒரு குதி. மூன்றாவது தடவையில் சீறிக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறியது. வேல்குமாருக்கு முன்னால் எல்லாம் கரைந்துபோய்த் தெரிந்தது. கம்பெனி வேன் எது, டவுன் பஸ் எது என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். காலுக்கடியில் இல்லாத பிரேக்கை அமுக்கி அமுக்கிக் கணுக்கால் வலித்தது.

“முன்னாடி ஏதோ நிக்குது பாரு.”

“நிக்கல, போயிட்டிருக்குதுங்க.”

“மெதுவாப் போ.”

“இருவதுலதானுங்க போறேன். நீங்க கண்ண மூடிக்குங்க.”

மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் வண்டியின் முழு உடம்பும் தெரிந்தது. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும், தார் ஒட்டுப் போட்ட ஒவ்வொரு இடமும் முதுகுத்தண்டில் வந்து சொல்லிவிட்டுப் போயின. மூன்று வருஷமாக அவள் சொன்னது பொய்யில்லை. பாலம் தாண்டி ஆள் குறைந்த இடத்தில் அவள் மூன்றாவது கியர் போட்டாள். இரட்டைக் குழல் உறுமியது. “அட, நல்லாத்தான் போகுது இது” என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை நாச்சிமுத்து அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரோஸ்மேரியும் ஃபைலோடு வாசலில் நின்றாள்.

“வேலு, அந்த டெஸ்ட்டுக்காரத் தம்பி வந்திருக்குது. நம்ம சொந்தக்காரப் பையனுக்குத் தெரிஞ்ச ஆளு. நீ போயி மூடிய அடுக்கிட்டு உக்காந்திருந்தீன்னா இங்க மூணு லாட்டுத் துணி உனக்காக நிக்கும். உன்ற கண்ணுக்கு எதுக்குச் சாமி டெஸ்ட்டு? தாள்ல கையெழுத்த மட்டும் போட்டுட்டு வந்துரு, நான் பேசிட்டேன்.”

அவ்வளவுதான். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் பழையபடி இருக்கும். ரோஸ்மேரி இத்தனை நாள் பார்த்த மாதிரி இனியும் பார்த்துக்கொள்வாள். அவள் வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேஜை மேல் தாளும் பேனாவும் இருந்தன. வேல்குமார் பேனாவை எடுத்தார். மூடியைக்கூடக் கழற்றிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே வண்டி நின்றது. அவர் கண்ணுக்கு அது முன்னும் பின்னும் ஒரே நீலமாக, குறையென்று ஒன்றுமில்லாமல் நின்றது. அதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியது. குணாவின் செட்டில் அவர் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று போய்க்கொண்டே இருந்தாரே, போதும் என்று நிறுத்த வேண்டிய இடம் எங்கே வந்து எங்கே போனதென்று அவருக்கு இப்போதும் தெரியவில்லை. ரோஸ்மேரிக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து லீவு போட்டால் பத்தாயிரம் பனியன் அந்தப் பம்பர் மாதிரி கப்பல் ஏறும்.

“ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களாண்ணா.”

நாச்சிமுத்து புரியாமல் எழுந்து வந்தார். வேல்குமார் அவரைக் காரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இந்தப் பம்பர் என்ன கலருங்ணா?”

“இதென்னப்பா கேள்வி. பச்சை அடிச்சிருக்கறே. இப்பப் பசங்க ரெண்டு கலரு அடிக்கறாங்களாமே, அப்படியா?”

“இல்லீங்ணா. நீலந்தான் அடிக்கச் சொன்னேன். அஞ்சு தடவ கலக்கச் சொல்லி, நாந்தான் பாஸ் பண்ணேன். எனக்கு இப்பவும் நீலமாத்தான் தெரியுது.”

நாச்சிமுத்து சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பம்பரைக் கையால் தடவிப் பார்த்தார், தடவினால் நிறம் மாறிவிடும் என்பது போல.

“எத்தன நாளா?”

“ஆறு மாசமா இருக்குதுங். எனக்கே நேத்துத்தான் தெரியும். சுகருங்கறாங்க.”

“அப்ப இந்த ஆறு மாசத்து லாட்டெல்லாம்?”

“எல்லாம் சரியாத்தான் போயிருக்குதுங். ரோஸ்மேரி பாத்துத் திருத்தி அனுப்பியிருக்குது.”

நாச்சிமுத்து ரோஸ்மேரி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வேல்குமாரின் தோளில் கை வைத்தார். “உன்ற சேரு அங்கயேதான் இருக்கும். நீயும் அதுலயேதான் இருக்கறே. கையெழுத்த மட்டும் அந்தப் புள்ள போடட்டும்.”

அன்பாகத்தான் சொன்னார். வேல்குமார் பானெட்டில் கை ஊன்றிக்கொண்டார். வெயிலில் அது சுட்டது.

ரோஸ்மேரி டெஸ்ட்டில் உட்கார்ந்தாள். எண்பத்தைந்தில் இரண்டே இரண்டு இடம் மாறியிருந்தது. நல்ல கண் என்று அந்தத் தம்பி சொன்னான். அவன் பெட்டியை மூடப் போகிற நேரத்தில் வேல்குமார், “நானும் ஒருக்கா அடுக்கிப் பாக்கட்டுங்களா? பேப்பர்ல எழுத வேண்டாம்” என்று கேட்டார். எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் கேட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. டாக்டரும் மனுஷன்தானே, ஒருவேளை தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று உள்ளே ஒரு மூலையில் இருந்தது.

மூடிகள் நாலு தட்டில் இருந்தன. பச்சையில் தொடங்கி நீலத்தில் முடிகிற தட்டை எடுத்துக்கொண்டார். நிதானமாக அடுக்கினார். இரண்டு மூடிகளைத் தூக்கிப் பார்த்து இடம் மாற்றினார். முடித்தபோது, தண்ணீர் கலங்காமல் ஆழத்துக்கு இறங்குகிற மாதிரி ஒரே சீராக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவருக்கு ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்த திருப்தி வந்தது. தம்பி தட்டைக் கவிழ்த்து மூடிகளின் அடியில் இருந்த எண்களைப் படித்தான். முதல் நாலு எண் வரை வாய்விட்டுப் படித்தவன், அப்புறம் மனசுக்குள் படித்தான்.

“பரவால்லீங் சார். இது சும்மாதானுங்களே” என்று சொல்லி மூடிகளை அள்ளிப் போட்டான்.

சனிக்கிழமை மதியம் கலைமகள் வண்டியைக் குணாவின் செட்டுக்கு ஓட்டி வந்தாள். வேல்குமார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண் மருந்தின் மயக்கம் தீர்ந்து மூன்று நாளாகிவிட்டது, அவர் ஓட்டலாம். ஆனாலும் காலையில் சாவி ஆணியில் இல்லை, அவள் கையில் இருந்தது. அவர் கேட்கவில்லை.

“நான் அன்னிக்கே கேட்டனுங்களே” என்றான் குணா. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து, “சரி உடுங்ணா, சுரண்டி அடிச்சாப் போகுது. இந்தத் தடவ யாரு பாத்துச் சொல்றது?” என்றான்.

“நான் சொல்றனுங்க” என்றாள் கலைமகள்.

வேல்குமார் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே ஆணியில் அவர் கையெழுத்துப் போட்ட தகடு காற்றில் திரும்பித் திரும்பி ஆடிக்கொண்டிருந்தது. குணா கலக்குவதும், கம்ப்ரசர் ஓடுவதும் கேட்டன. கலைமகள் தகட்டை வாங்கிக்கொண்டு வெயிலுக்குப் போனாள், நிழலுக்கு வந்தாள், டியூப் லைட்டுக்குக் கீழே நின்றாள். இதையெல்லாம் அவள் எப்போது அவரிடம் பார்த்துவைத்தாள் என்று தெரியவில்லை.

“ஒரு சொட்டு மட்டும் பாருங்க குணா.”

மறுபடி கம்ப்ரசர் ஓடியது.

“போதும்” என்றாள்.

அந்தப் ‘போதும்’ இரண்டாவது தகட்டிலேயே வந்துவிட்டது. வேல்குமார் எழுந்து போய்ப் பார்த்தார். ஒரு கையில் புதுத் தகடு, இன்னொரு கையில் ஆணியிலிருந்து எடுத்த பழைய தகடு. இரண்டையும் சேர்த்து வைத்தார், தள்ளி வைத்தார், கையை மாற்றினார். மாற்றிய பிறகு எது புதுசு எது பழசு என்று அவருக்கே குழம்பிவிட்டது. பின்னால் திருப்பித் தன் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் பழையதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

“ஒத்துப்போச்சா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“ஒத்துப்போச்சுங்க.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தனுங்க.”

குணா பழக்க தோஷத்தில் மார்க்கர் பேனாவை அவரிடம் நீட்டினான். வேல்குமார் அதை வாங்கி, மூடியைக் கழற்றி, புதுத் தகட்டோடு சேர்த்துக் கலைமகளிடம் கொடுத்தார்.

“பம்பருக்கெல்லாம் எதுக்குங்க கையெழுத்து?”

“போடு. பாத்தவங்கதான் போடோணும்.”

அவள் தகட்டைத் தொடையில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும் எழுதினாள். தேதி என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார்.